வரலாறு இல்லாத சக்கரங்கள்

அபாய மணி அலறியது.

முன்கூடத்தின் கூரையில் சிவப்பு விளக்கு சுழன்றது. "காற்றில் உலோகத் தூள். வசிப்பவர்கள் மூச்சுமூடி அணியவும்" என்று வீடு தன் பெண்குரலில் அறிவித்தது. சமையலறைக் கதவு தானாக இறங்கி மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் துளசிமணி சற்றும் பதறாமல் ஆணியில் தொங்கிய மூச்சுமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பணியாரக் குழிகளில் மாவை ஊற்றினாள். காலையிலிருந்து இது எத்தனையாவது அபாயம் என்று எண்ணுவதை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

"ஏனுங்க, இன்னுமா முடியலை? பணியாரத்துல அலுமினிய வாசம் வந்துச்சுன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னன்னு நெனைப்பாங்க?" என்று கதவு வழியாகக் கத்தினாள்.

"கடைசிச் சக்கரம் துளசி. பஃப் வெச்சு மெருகு ஏத்துனா முடிஞ்சுது" என்றார் சென்னியப்பன்.

சொல்லிவிட்டு, காரின் சக்கரத்தை ஒரு கையால் அலாக்காகத் தூக்கித் திருப்பி வைத்தார். செவ்வாய்க் கிரகத்தில் எந்தப் பொருளுக்கும் பூமியில் இருக்கும் கனம் இருப்பதில்லை. ஆனால் கவலைகளின் கனம் மட்டும் குறையவில்லை என்பது, கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து நொய்யல் குவிமாடத்தைக் கட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

சென்னியப்பனின் கவலை அவருடைய ஒரே மகள் தாரிகா. படித்த பெண், பார்க்க லட்சணமான பெண். ஆனால் ஜாதகத்தில் பூமி தோஷம். செவ்வாயிலேயே குடியிருந்துகொண்டு செவ்வாய் தோஷம் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று ஜோதிடர்கள் முதல் தலைமுறையிலேயே முடிவுகட்டி, அந்த இடத்தில் பூமியைத் தூக்கி வைத்துவிட்டார்கள். தோஷம் மட்டும் போகவில்லை. வந்த வரன்கள் எல்லாம் கட்டத்தைப் பார்த்ததும் மெல்ல நழுவின. இப்போதுதான், அதே தோஷமுள்ள ஒரு பையன் பவானி குவிமாடத்தில் அகப்பட்டிருந்தான். பெயர் கிரிதரன். அப்பா அர்த்தநாரி, அம்மா ருக்குமணி. இன்று பெண் பார்க்க வருகிறார்கள். இதுவும் தட்டிப்போனால் அடுத்த குவிமாடம் என்று தேடிப் போக வேறு குவிமாடம் இல்லை.

பெண் பார்க்க வருபவர்களைக் குவிமாடத்தின் வெளிவாசல் வரை சொந்த வண்டியில் போய் எதிர்கொண்டு அழைத்து வருவது அங்கே மரபு. அப்படிப் போகும் வண்டியில் அவர்கள் முதலில் பார்ப்பது சக்கரத்தைத்தான். செவ்வாயில் ரப்பர் டயர் குளிரில் வெடித்துவிடும் என்பதால் சக்கரம் முழுக்க உலோகக் கலவை. அங்கே வீசும் புழுதியோ கண்ணாடித் தூள் போன்றது. ஒரு பருவத்திலேயே சக்கரம் பழைய ஈயச்சட்டி மாதிரி ஆகிவிடும். சக்கரம் பளபளவென்று இருந்தால் வண்டியை அதிகம் வெளியே எடுக்க வேண்டிய தேவையில்லாத குடும்பம், அதாவது வசதியான குடும்பம் என்று பொருள்.

குவிமாடத்தின் பொதுப் பட்டறையில் இருக்கும் இயந்திரங்கள் அச்சை மாற்றும், விரிசலை அடைக்கும். அழகு வேலை செய்யச் சொன்னால், "அவசியமற்ற பணி" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். தெருவில் வைத்துத் தேய்க்கலாம் என்றால் அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள். பளபளப்பு தானாகவே இருந்ததுபோலத் தெரிவதில்தானே கௌரவம். அதனால்தான் இந்த வேலை முன்கூடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது.

மருந்து தடவிப் பழைய பூச்சை உரித்தார். விளிம்பில் கல் கடித்த பள்ளங்களில் உலோகப் பட்டிப் பசை வைத்து அடைத்துக் காயவிட்டார். முரட்டு உப்புத்தாளில் தொடங்கி, விரலில் வைத்தால் துணியா தாளா என்று தெரியாத நைஸ் தாள் வரைக்கும், தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். அந்தத் தண்ணீர், குளிக்காமல் மிச்சம் பிடித்தது. அவருக்குப் பக்கத்தில் நின்று பேச யாரும் வராததற்கு உலோகத் தூள் மட்டும் காரணமல்ல. கடைசியாகத் துணிச்சக்கரத்தில் மெருகுப் பசையைத் தடவி ஓட்டினார். கீறல் கீறலாக, கோடு கோடாக, அந்தச் சக்கரத்தில் இருந்ததெல்லாம் கரைந்து போயிற்று. தன் முகம் அதில் தெரிந்தபோது, சென்னியப்பன் மூச்சுமூடியைக் கழற்றிவிட்டுத் தன்னைத்தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

தாரிகா எட்டிப் பார்த்தாள். "அப்பா, சக்கரத்துல என்னைப் பார்த்தே பொட்டு வெச்சுக்கலாம் போல."

"பேச்சைக் குறை அம்மிணி. அவங்க வர்றப்ப தலை குனிஞ்சு நில்லு, போதும். நீ அமைதியான பொண்ணுன்னு எழுதிக் குடுத்திருக்கறோம்."

"யாரு, நானா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

மேலே அடித்த புதுப் பூச்சு காய்ந்ததும், சக்கரங்களை மாட்டிக்கொண்டு சென்னியப்பன் கிளம்பியபோது, துளசிமணி வாசலில் நின்று வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். திருப்தியாகத் தலையசைத்தாள். அவர் குளிக்காததைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

வெளிவாசலில் காத்திருந்தார். மேலே ஆரஞ்சு நிற வானம். தூரத்தில் பவானிப் பாதை புழுதிக்குள் மறைந்து கிடந்தது. சொன்ன நேரம் தாண்டியும் ஒரு வண்டியும் அந்தப் பக்கமிருந்து வரவில்லை. ஒருவேளை தனக்கு முன்பே வந்து உள்ளே போய்விட்டார்களோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. வரவேற்க ஆளில்லாமல் அவர்களே தெருத் தெருவாக வீட்டைத் தேடி அலைந்தால் மானமே போயிற்று. அவசரமாக வண்டியைத் திருப்பி நுழைவுச் சுரங்கத்துக்குள் விட்டார்.

சுரங்கத்தில் பச்சை விளக்கு எரியவில்லை. "வாகனம் அறியப்படவில்லை. இடப்பக்கம் ஒதுங்கவும்" என்றது வாசலைக் காக்கும் இயந்திரமான வாயிற்கண்.

சென்னியப்பன் எட்டித் தன் சக்கரத்தைப் பார்த்தார். ஏனென்று அந்த நொடியே அவருக்குப் புரிந்துவிட்டது.

செவ்வாயில் வண்டிகளுக்கு எண் பலகை கிடையாது. எந்த எழுத்தை எழுதினாலும் புழுதி அரித்துத் தின்றுவிடும். ஆனால் அதே புழுதியும் கல்லும் ஒவ்வொரு வண்டியின் சக்கரத்திலும் வெவ்வேறு விதமாகக் கீறிவைக்கும். மனிதர்களின் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அதற்குச் சக்கர ரேகை என்று பெயர். நாளுக்கு நாள் விழும் புதுக் கீறலையும் வாயிற்கண் கவனித்துச் சேர்த்துக்கொள்ளும். பிறந்ததிலிருந்து வாசலில் வண்டி தானாக நுழைந்துகொண்டிருந்ததால், ரேகை என்ற ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். சென்னியப்பன் குளிக்காமல் மிச்சம் பிடித்த தண்ணீரில் அதைச் சுத்தமாகத் துடைத்து எடுத்திருந்தார்.

ஒதுக்குக் கூடத்தில் ஏற்கெனவே ஒரு வண்டி நின்றிருந்தது. அதன் சக்கரங்களும் கண்ணைப் பறித்தன. பக்கத்தில் மூச்சுமூடி போட்ட ஒருவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் காற்று குறைவு. மூடியைக் கழற்ற முடியாது. அவருடைய கண்ணும் வழுக்கைத் தலையும் மட்டும்தான் தெரிந்தன. சென்னியப்பனும் தன் மூடியை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

"ஏனுங்ணா, நீங்களும் தேய்ச்சுப்போட்டீங்களா?" என்று கேட்டார் அவர், சென்னியப்பனின் சக்கரத்தைப் பார்த்து.

"ஆமாங்ணா. வீட்லயே வெச்சு."

"வேலை சுத்தமா இருக்குதுங்க. எனக்கு விளிம்புல கொஞ்சம் மேடுபள்ளமா அலை அடிச்சிருச்சு." அந்த நிலைமையிலும் அவர் குனிந்து விரலால் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "வுடுவாங்களா?"

"சரிபார்ப்பு முடிந்தால் விடப்படும்" என்றது வாயிற்கண், முன்னால் நின்றவரைப் பார்த்து. "சக்கர ரேகையை அழிப்பது வழக்கமாகத் திருடர்களின் வேலை. வண்டி உங்களுடையது என்றால், அழிந்த கீறல்கள் எங்கெங்கே இருந்தன, எப்படி விழுந்தன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வண்டியின் வயிற்றில் இருக்கும் அதிர்வு நினைவகத்தோடு ஒப்பிடுவேன். முன் வலச் சக்கரத்தில் இருந்த ஆழமான வெட்டு. சொல்லுங்கள்."

வழுக்கைத்தலைக்காரர் தொண்டையைச் செருமினார். "அதுங்களா... வழியில கல்லு பட்டுதுங்க."

"பொருந்தவில்லை. வண்டி நகராமல் நின்றபடி நீண்ட நேரம் குலுங்கியிருக்கிறது."

அவர் சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தார். முன்பின் தெரியாத ஆள்தானே என்று தோன்றியிருக்க வேண்டும். தோளைத் தளர்த்தினார்.

"எங்க பையன் ஓட்டுனானுங்க. மொத மொதல்ல குவிமாடத்த வுட்டு வெளிய எடுத்தான். தலைக்கு மேல கூரை இல்லீன்னதும் பயந்து கண்ண மூடிட்டான். நேராப் போய்ப் பாறையில ஏத்திப்போட்டான். அப்புறம் உள்ள உக்காந்துட்டு அழுதானுங்க. அந்தக் குலுக்கல்தான் அது."

"பொருந்துகிறது. பின் இடச் சக்கரம், விளிம்பில் வளைந்த கீறல்."

"அது நானுங்க. முன்னாடி போன வண்டியோட சக்கரம் பளபளன்னு இருந்துச்சு. அதையே பாத்துட்டுப் போய்த் தூண்ல வுட்டுப்போட்டேன்."

"பொருந்துகிறது."

சென்னியப்பனுக்கு அந்த மனிதர்மேல் பரிதாபமாக இருந்தது. ஆண்பிள்ளை வண்டிக்குள் உட்கார்ந்து அழுவதாவது! நல்லவேளை, தனக்கு வரப்போகிற மாப்பிள்ளை அப்படியில்லை. குவிமாடம் விட்டுக் குவிமாடம் வண்டியை விடுவது பையனுக்கு மூச்சு விடுவது மாதிரி என்று அவன் அம்மாவே எழுதி அனுப்பியிருந்தாள்.

"அடுத்தவர். முன் இடச் சக்கரம், வட்டமாகச் சுற்றிவந்த கீறல்கள்."

"கல்லுங்க" என்றார் சென்னியப்பன்.

வழுக்கைத்தலைக்காரர் மூடிக்குள் சிரித்தது காதில் விழுந்தது.

"பொருந்தவில்லை. அப்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டு சக்கரத்தில் ஓடியிருக்கிறது."

சென்னியப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் எந்தத் தெருவில் அலைகிறார்களோ. இனி மறைத்து என்ன?

"எம்பொண்ணுங்க. கோயிலுக்குப் போறேன்னு சொல்லிப்போட்டு வண்டிய எடுத்துட்டுப் போய்ப் பள்ளத்தாக்குச் சுவத்துல ஏத்தி ஓட்டியிருக்கறா. பசங்களோட பந்தயம்."

"செயிச்சுதுங்களா?" என்று கேட்டார் வழுக்கைத்தலைக்காரர்.

"செயிச்சாளுங்க" என்றார் சென்னியப்பன். குரலில் கோபமாகத்தான் சொல்ல நினைத்தார். பாதி பெருமையாக வந்துவிட்டது.

"பொருந்துகிறது. மற்ற மூன்று சக்கரங்கள்?"

"அத்தனையும் அவதானுங்க. கல்லுங்கறது நான் வீட்டுக்காரிகிட்டச் சொன்னது."

"யாருக்கு வாய்ச்சிருக்குதோ, அந்தப் பையன் பாவமுங்க" என்று வழுக்கைத்தலைக்காரர் அனுதாபமாகத் தலையாட்டினார்.

"கடைசிக் கேள்வி, இருவருக்கும்" என்றது வாயிற்கண். "உள்ளே எங்கே போகிறீர்கள்?"

வழுக்கைத்தலைக்காரர் நிமிர்ந்து நின்றார். "கிழக்கு வட்டம், சென்னியப்பன்னு ஒருத்தர் வீட்டுக்குங்க. பையனுக்குப் பொண்ணு பாக்க. பையனும் வீட்டுக்காரியும் குழாய் ரயில்ல வந்து உள்ள ஸ்டேஷன்ல நிக்கறாங்க. அவங்கள ஏத்திட்டு வண்டியில போய் எறங்கோணும்."

சென்னியப்பன் தன் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார்.

"நீங்கள்?" என்றது வாயிற்கண்.

"அதே வீட்டுக்குத்தானுங்க" என்று முணுமுணுத்தார்.

"கேட்கவில்லை. பெயரோடு உரக்கச் சொல்லவும்."

"எங்க வீட்டுக்குங்க! நாந்தான் சென்னியப்பன்!"

வழுக்கைத்தலைக்காரர், மாப்பிள்ளையின் அப்பா அர்த்தநாரி, மெதுவாகத் திரும்பினார்.

"அனுப்புன படத்துல உங்களுக்குத் தலை நெறைய முடி இருந்துச்சுங்களே" என்றார்.

"உங்களுக்கும்தானுங்க."

"பொண்ணு அமைதின்னு எழுதியிருந்துச்சு."

"பையன் வண்டியில பொறந்தவன்னு எழுதியிருந்துச்சு."

இருவரும் தரையைப் பார்த்தார்கள். இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார் சென்னியப்பன். வீட்டுக்குப் போய்த் துளசிமணியிடம் என்ன சொல்வது? தாரிகாவிடம்? ஒரு பொய்யைத் தாங்கிப் பிடிக்க நான்கு சக்கரத்தைத் தேய்த்து, கடைசியில் தன் வாயாலேயே எல்லாவற்றையும் உடைத்தாயிற்று. அதுவும் யாரிடம்!

"சரிபார்ப்பு முடிந்தது" என்றது வாயிற்கண். "ஆனாலும் வரலாறு இல்லாத சக்கரத்தை உள்ளே விட முடியாது. அடையாளக் கீறல் இடப்படும்."

சுவரிலிருந்து ஓர் இரும்புக் கை நீண்டது. அதன் நுனியில் ஊசி. கண்ணாடி போன்ற சக்கரத்தின் குறுக்கே அது ஒரு கோடு இழுத்தது. அந்தச் சத்தத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். எட்டுச் சக்கரத்திலும் கோடு விழுந்து முடிந்தபோது, வேறு யாருக்கும் புரியாத ஒரு துக்கத்தை ஒன்றாக அனுபவித்த உறவு அவர்களுக்குள் வந்திருந்தது.

அர்த்தநாரிதான் முதலில் பேசினார். "நாம இங்க பாத்துக்கலீங்க."

"எங்கீங்க?" என்றார் சென்னியப்பன், ஒன்றும் புரியாதவர் போல.

"அதானுங்க!" என்று அர்த்தநாரி வண்டிக்குள் ஏறினார்.

சற்று நேரம் கழித்து, சென்னியப்பன் வீட்டு வாசலில் அவர்கள் இறங்கியபோது, "வாங்க, வாங்க! உங்கள எதிர்கொண்டு அழைக்கப் போயி, பாதை மாறிப் போச்சுங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?" என்று சென்னியப்பன் கை கூப்பினார்.

"ஒரு குறையும் இல்லீங்க. உங்களப் பாத்ததுல ரொம்ப சந்தோசம்" என்றார் அர்த்தநாரி, அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் முகத்தோடு.

கிரிதரன் மட்டும் இறங்கியதும் வண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். ஸ்டேஷனிலிருந்து வீடு வரை வந்ததற்கே அவன் முகம் வெளிறியிருந்தது.

பணியாரம் வந்தது. அலுமினிய வாசம் இல்லை. தாரிகா தட்டைக் கொடுத்துவிட்டு, சொல்லிக் கொடுத்தபடி தலை குனிந்து நின்றாள்.

"எம்பொண்ணு ஸ்டியரிங்கையே தொட்டதில்லீங்க. வீடு உண்டு, அவ உண்டு" என்றாள் துளசிமணி.

"எங்க பையன் அதுக்கு நேர்மாறுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் பாருங்க, உங்க பொண்ணக் கூட்டிட்டு வெளிச் சமவெளியெல்லாம் சுத்திக் காட்டுவான்" என்றாள் ருக்குமணி.

அப்பாக்கள் இருவரும் கூரையில் இருந்த சிவப்பு விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அம்மா, போதும்" என்றான் கிரிதரன். தட்டைக் கீழே வைத்தான். தாரிகாவைப் பார்த்துச் சொன்னான். "எனக்கு வண்டின்னாலே பயம், ஓட்டவும் வராதுங்க. மேல கூரை இல்லீன்னா தலை சுத்தும். நாங்க ரயில்லதான் வந்தோம். பொய் சொல்லிக் கட்டிக்கிட்டு அப்புறம் தெனமும் எப்படிச் சமாளிக்கறது?"

ருக்குமணியின் கையிலிருந்த பணியாரம் வாய்க்குப் போகாமல் நின்றது. துளசிமணி கணவரைப் பார்த்தாள். சென்னியப்பன் மகளைப் பார்த்தார்.

தாரிகா முதன்முறையாகத் தலை நிமிர்ந்தாள். "அதுக்கென்னங்க? நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல கண்ண மூடிட்டு உக்காந்துக்குங்க. ஆனா சுவத்துல ஏத்தறப்ப மட்டும் சொல்லிருவேன், கெட்டியாப் புடிச்சுக்கோணும்."

"சுவத்துலயா?" என்றான் கிரிதரன். பயந்துதான் கேட்டான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் தத்தம் கணவர் பக்கம் திரும்பினார்கள். "உங்களுக்கு இது தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார்கள் அப்பாக்கள் இருவரும், ஒத்திகை பார்த்தது போல ஒரே குரலில்.

அதற்கப்புறம் முடிவு செய்ய அதிகம் இருக்கவில்லை. பிள்ளைகள் இருவரும் மூலையில் உட்கார்ந்து பேசத் தொடங்கிவிட்டார்கள். பூமி தோஷம் இரண்டு பக்கமும் இருந்தது, இப்போது உண்மையும் இரண்டு பக்கமும் இருந்தது. ருக்குமணி தாரிகாவின் தலையில் பூவை வைத்தாள். துளசிமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு ஈடு பணியாரம் ஊற்றப் போனாள்.

வழியனுப்பச் சென்னியப்பன் வாசல் வரை வந்தார். கிரிதரன் ரயிலில் போவதற்கு இனி யாருக்கும் வெட்கமில்லை. அவனும் அம்மாவும் ஸ்டேஷனுக்கு நடந்தே கிளம்பிவிட்டார்கள். அர்த்தநாரி மட்டும் வண்டியருகே நின்றார். குனிந்து, சக்கரத்தில் விழுந்திருந்த கோட்டைக் கட்டைவிரலால் தடவினார். அக்கம்பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சென்னியப்பனின் காதருகே குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு ஊரே வந்து பாக்குமுங்க. அதுக்கு முந்தி நாம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து எட்டுச் சக்கரத்தையும் இன்னொருக்காத் தேய்ச்சுப்போடலாமுங்களா, சம்பந்தி?"